தங்கத்தின் பிடியரிசிப் பானை

1932 ஜூன் 11, சனி

விடாத சாரல். மூன்று நாளாக வேட்டி காயவில்லை. ஈரத்தோடேயே தாலுகா கச்சேரிக்கு வேலைக்குப் போனேன். குமாஸ்தாவை யார் பார்க்கிறார்கள்?

மதியச் சோறு சந்தையடிக் கடையில். என் மனைவி தங்கம் இறந்து எட்டு மாதம். வீட்டு அடுப்பு எரிந்தும் எட்டு மாதம்.

வாங்க: மண்ணெண்ணெய், சவுக்காரம், குடைக்குத் துணி.

ஜூன் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் அறிவிப்பு. நம் பக்கத்துக்கும் ஒரு சர்வகலாசாலை வேண்டுமாம். அதற்கு இந்த முறை பிடியரிசி விற்ற காசு முழுதும். சனிக்கிழமை சபைப் பெண்கள் வீடு வீடாக வருவார்கள்.

எனக்கு எரிச்சல். தங்கம் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து மண்பானையில் போடுவாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எதற்குக் கேட்டாலும் கொடுப்பாள். ஒருநாள் கேட்டுவிட்டேன், "நமக்குப் படிக்கப் பிள்ளையா இருக்கு?" இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

பானை அடுப்பு மூலையில்தான். அவள் கடைசியாகப் போட்ட பிடிகள். வண்டு விழுந்திருக்கும், இருக்கட்டும். சில நாள் உள்ளே கைவிட்டுக்கொண்டு உட்காருவேன். அதைத் தர மாட்டேன்.

ஜூன் 15, புதன்

மண்டைக்காட்டிலிருந்து தங்கை எஸ்தர் வந்திருந்தாள். கச்சேரி விட்டு வந்தால் வீட்டில் சோறு மணம்! சாளைக் குழம்பு. மூன்று தடவை வாங்கித் தின்றேன்.

"அரிசி எங்க வச்சிருக்கியன்னு தேடினேன் அண்ணா. பானையில பாதிக்கு மேல மாவாப் போச்சு. புடைச்சு, நல்லத வடிச்சேன். மிச்சம் கோழிக்கு."

கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே போட்டேன். பிடியரிசியைத் தின்னக்கூடாதென்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கத்தினேன். அழுதாள்.

"வீட்டுல அரிசின்னு கிடந்தது அது ஒண்ணுதான. சமையலுக்குள்ளதுன்னு நினைச்சேன்."

அவள் சொன்னதும் உண்மைதான். வேறு அரிசி ஏது? சாயங்கால வண்டிக்கே போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. பாவி நான்.

ஜூன் 18, சனி

வெயில். வேட்டி காய்ந்தது.

சபைப் பெண்கள் வந்தார்கள், ஞானப்பூ அக்கா முன்னால். வெறும் பானையைக் காட்டினேன்.

"நானே தின்னுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. "அவ போட்டத நீங்கதான தின்னிய. அது போகட்டு," என்றாள் அக்கா.

பிள்ளையில்லாதவள் எதற்காக இப்படிக் கொடுத்தாள் என்று கேட்டேன். இருந்தபோதே அவளிடம் கேட்டிருக்கவேண்டியது.

"நானும் அவகிட்ட கேட்டேன் அண்ணாச்சி. 'எனக்கொரு பிள்ளை இருந்தா ஒரு பிடி கூடுதலா வடிக்கணும்லா அக்கா. எனக்க பிள்ளைக்குள்ள சோறுதான் இது. ஆருக்க பிள்ளையாவது படிக்கட்டு'ன்னா."

அவர்கள் போனபிறகும் வாசலிலேயே நின்றேன். ஐயோ தங்கம். நான் அன்றைக்குக் கேட்ட கேள்வி!

ஜூன் 20, திங்கள்

அரிசி இரண்டு படி. விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் எரிச்சல். எஸ்தருக்குக் கடிதம் எழுதவேண்டும், மன்னிப்புக் கேட்டு.

உலை கொதித்ததும் ஒரு பிடி எடுத்தேன். என் கை பெரிது, அவளுடைய இரண்டு பிடி இருக்கும். குறைக்கப் பார்த்து, பிறகு முழுதையும் பானையில் போட்டேன். சோறு அடிப்பிடித்தது. தனியாக உட்கார்ந்து தின்றேன்.

பையனோ, பெண்ணோ. பி.ஏ. படிக்கட்டும்.