கன்னத்தில் படாத கை

மார்ச் 4

தம்பிக்கு,

பெரிய பேரன் பாலம் கட்டும் வேலையில் மேலதிகாரி ஆகிவிட்டான். நடுப்பேத்தி நரம்பு மருத்துவத்தில் தங்கப் பதக்கம். சின்னவள் நீச்சலில் முதலாவது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வம்சம் இது, பொறாமைப்படாமல் படி.

காற்று பட்டாலே வலது கன்னத்தில் மின்சாரமாய் வெட்டுமே, அந்த வலி நின்றுவிட்டது. உன் மனைவி, நம் வாயாடி, பேனாவைத் தொலைத்துவிட்டாளா? அவளிடமிருந்து ஒரு வரி இல்லையே.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நின்றது என் ஹோமியோபதி உருண்டைகளால்தான்! முதலில் கூடிப் பிறகு குறையும் என்று சொன்னேனே? உருண்டையால் குணமானதைக் கைப்பட எழுதி அனுப்புங்கள், கிளினிக் சுவரில் மாட்டுகிறேன். திறப்புவிழாப் படம் இணைத்திருக்கிறேன். பக்கத்தில் வாயாடி. அவளுக்குப் பல்வலி; இரண்டு பல் பிடுங்கியும் முனகுகிறாள். உருண்டை தருகிறேன், நம்பிக்கைதான் போதவில்லை அவளுக்கு.

தம்பி

மார்ச் 22

வைத்தியர் ஐயாவுக்கு,

உன் உருண்டைகளை எறும்புகள் தின்றன. அவற்றுக்கும் முகவலி இல்லை. அவற்றிடம் எழுதி வாங்கு. என் வலியை நிறுத்தியது நடுப்பேத்தியின் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் தந்த மாத்திரை. அதனால் தலை சுற்றுகிறது, சோதனைக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். ஆனாலும் இப்போது வலியில்லாமல் வாய் கொப்பளிக்கிறேன். மண்டைக்குள் ரத்தக்குழாய் நரம்பை அழுத்துகிறதாம். நீ கேட்டதோ, இடிக்குப் பயமா, உப்பு பிடிக்குமா என்று! வலி கூடினாலும் உன் வெற்றி, குறைந்தாலும் உன் வெற்றி. தோற்கவே தெரியாத மருந்து, அடேயப்பா!

படத்தைப் பார்த்தேன். பல்வலிக்காரி கன்னத்தை அழுத்திப் பிடிப்பாள். வாயாடியின் கை கன்னத்தில் படவில்லை, விரற்கடை தள்ளி நிற்கிறது. காற்றை மறைக்கிறாள், மடையா. அந்த நரம்பு வலியில் நானும் அப்படித்தான் நின்றேன். நல்ல பல் இரண்டைப் பிடுங்கவிட்டு, நம்பிக்கை போதவில்லை என்கிறாய். வீடு அதிரப் பேசியவள் அடங்கியது உனக்குச் சௌகரியமாக இருந்ததோ?

செவ்வாய்க்கிழமை பேத்தி காரில் வந்து வாயாடியை அந்த டாக்டரிடம் அழைத்துப் போவாள். “தாத்தா தடுத்தா என்ன பண்றது பாட்டி?” என்றாள். “ரெண்டு உருண்டைய அவன் வாயில போட்டுட்டுக் கூட்டிட்டு வா” என்றேன்.

என் கையெழுத்து உன் சுவருக்கு வராது. வாயாடி கையைக் கீழே போட்டுக்கொண்டு, பல் போன இடம் தெரியச் சிரிக்கிற புதுப் படம் ஒன்று எனக்குத் தபாலில் வர வேண்டும். அதுவரை எழுதாதே. அந்தப் படத்தில் நீ நிற்க வேண்டாம்.

அக்கா