தலைகீழாகப் படித்த நோட்டு

அன்புள்ள ஹேமாவுக்கு, அப்பா எழுதுவது. நானேதான், யாரும் பக்கத்தில் இருந்து எழுதித் தரவில்லை. எழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள், இந்த ஒரு பக்கத்துக்கே மூன்று நாள் ஆனது. நானும் அம்மாவும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு நன்றாக இருக்கிறோம், கனடா குளிரில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நம் பழைய நிலத்தில் கட்டிய அடுக்குமாடியில்தானே உன் தம்பி தீனா இருக்கிறான், அவனைப் பார்க்க நான் தினமும் போவேன். அங்கே சவுரிமுத்து என்று புது வாட்ச்மேன், பெரும்பாக்கத்துக் குடிசை மாற்று வாரிய வீட்டிலிருந்து வருகிறவர். முதல் நாளே பெயர் எழுதச் சொல்லி நோட்டை நீட்டினார். எழுதத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என் நிலத்தில் நுழைய நான் எழுதணுமா, பெரும்பாக்கத்து ஆள் எனக்குச் சட்டம் சொல்றதா என்று கத்திவிட்டு உள்ளே போனேன். தினமும் இதே கூத்து. ஒருநாள் நோட்டைத் தலைகீழாக நீட்டினார், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் முழுக்கப் படித்த மாதிரி தலையாட்டினேன். அதற்குப்பின் அவர் நீட்டவே இல்லை. ஆறு மாதம் முன்பு குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குத் தீனாவோடு போயிருந்தேன். அங்கே செயலாளர் சுந்தரராமன், தினம் வருகிற பெரியவர் பெயர் நோட்டில் ஒருநாள்கூட இல்லை, இப்படி ஒரு வாட்ச்மேன் நமக்கு வேண்டாம் என்றார். அந்தப் பெரியவருக்கு எழுதத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சவுரிமுத்து தப்பித்திருப்பார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் மறதி சார், தப்பு என்னுதுதான் என்றார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நம் வீட்டு ரகசியத்தை நாற்பது பேர் நடுவில் நானே போட்டு உடைத்தேன், அவரைக் கேவலமாகப் பேசியதும் தப்பு என்றேன். தீனா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவர் வேலை பிழைத்தது. வெளியே வந்து மன்னிப்புக் கேட்டால், அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது நைனா, நாளைக்கு சிலேட்டோட வா என்றார்.

இப்போது தினம் காலையில் கேட் பக்கத்தில் பாடம். என் ழகரத்தைப் பார்த்து நண்டு செத்துக் கிடக்குது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சர்ச், எனக்கு வீட்டுப்பாடம். எழுபத்திரண்டு வயதில் பயப்பட ஒரு வாத்தியார் கிடைத்துவிட்டார், அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

பேரப்பிள்ளைகள் நன்றாக வளரட்டும், என் ஆசி. வரும்போது நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கி வா, சவுரிமுத்து கேட்டில் நனைந்துகொண்டே நிற்கிறார். என் அளவுதான், தொப்பையை மட்டும் கழித்துக்கொள். அடுத்த வாரம் பாதிப் பக்கமாவது எழுதுவேன். நீ போனில் பேசி முடித்துவிடாதே, பெரிய எழுத்தில் பதில் எழுதிப் போடு. சவுரிமுத்துவுக்கு நான் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
சிட்டிபாபு
கீழ்க்கட்டளை