எம்.ஏ. போதும் என்று நான் சொன்னது

சாரல் காலத்தில் நம் பீரோவில் ஒரு வாடை வரும். பூஞ்சை பிடித்த காகிதமும் அந்துருண்டையும் கலந்த வாடை. நேற்றுக் காலை சற்று நேரம் வெயில் அடித்தது. நீங்கள் போய் இரண்டு சாரல் கடந்தும் நான் திறக்காமல் வைத்திருந்த உங்கள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். காக்கிச் சட்டைகளுக்கு அடியில் நான்கு நீள நோட்டுகள். மாடிக்குக் கொண்டுபோய் உலர்த்தத்தான் எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து, மறுபடி தூறல் விழும்வரை படித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, மணி, இடம். காவல் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் எழுத்தராக இருந்தவரின் கை வேறு எப்படி எழுதும்? முதல் நோட்டில் ஆய்வுத் தலைப்பையும் எழுதியிருந்தீர்கள்: குற்றால சீசன் கூட்டத்தில் உடன் வந்தவரைத் தவறவிட்டவர்கள். அந்தத் தலைப்பை நான் முன்பே அறிவேன். அதற்கு முடிவு கட்டியவளே நான்தான்.

நாம் கல்யாணம் செய்துகொண்டபோது நான் எம்.ஏ. ஆங்கிலம்; நீங்கள் பி.யு.சி. வாசல் பலகையில் என் பெயருக்குப் பின்னால் மட்டும் பட்டம் இருந்ததை நீங்கள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றதும் அஞ்சல் வழியில் பி.ஏ., பிறகு வரலாற்றில் எம்.ஏ. முடித்தீர்கள். பெயிண்டரை வரச்சொல்லி உங்கள் பெயருக்குப் பின்னாலும் இரண்டு எழுத்தைச் சேர்த்தது நான்தான். "இப்பம் ரெண்டு பேரும் சமம், டீச்சரம்மா" என்று சிரித்தீர்கள். சமமாக இருந்தது எனக்கு உறுத்தவில்லை.

பிறகு ஒரு காலையில், நான் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டீர்கள்.

"திருநெல்வேலி யுனிவர்சிட்டில ஒரு பேராசிரியை அம்மா என்னைய முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதாங்க. எம்.ஏ.யோட நிறுத்திக்கிடவா, மேல போகவா? நீ சொல்லுதபடி செய்யுதேன்."

"எம்.ஏ. உங்க ஆசைக்குப் படிச்சது, சரி. இது அப்படி இல்ல. இதுக்கு ஒழுங்கா நாலு வாக்கியம் எழுதத் தெரியணும்."

"அப்பம் இம்புட்டு வருசமா ஸ்டேஷன்ல என்னத்த எழுதினேன்?"

"மேற்படி நபர் மேற்படி இடத்துலன்னு எழுதினீங்க. அத ஜட்ஜே முழுசாப் படிச்சிருக்க மாட்டாரு."

சிரித்தீர்கள். காப்பியை வாங்கிக் குடித்தீர்கள். தம்ளரை நீங்களே கழுவிக் கவிழ்த்தீர்கள். அதன்பின் அந்தப் பேச்சு இந்த வீட்டில் எழவில்லை.

இதற்கு முந்தைய ஒன்றையும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் என் கல்லூரிக் கன்னியாஸ்திரி ஒருவர் என்னை மேலே படிக்கச் சொன்னார். கல்யாணம் குறுக்கே வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன், உங்களிடமும்தான். ஒவ்வொரு முறையும் நீங்கள் குற்றம் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொள்வீர்கள். உண்மையில் நீங்கள் பெண் பார்க்க வந்தது, நான் அவரிடம் முடியாது என்று சொல்லி எட்டு மாதம் கழித்து. வகுப்பில் முதலாவதாக இருந்தவளுக்கு, ஆய்வில் இரண்டாவதாகிவிடுவோமோ என்று பயம். எனக்கு இல்லாத துணிச்சல் அறுபது வயதுக்கு மேல் உங்களுக்கு வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள் வாக்கியங்களில் பெரிதாக ஒரு குறையும் இல்லை.

உங்களை வீட்டிலிருந்து எடுத்த அன்று உங்கள் தம்பி வாசலில் ஃபிளக்ஸ் கட்டினார். உங்கள் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட்டிருந்தது. நீங்கள் படித்துக்கொண்டேதான் இருந்தீர்கள் என்று சொந்தக்காரர்கள் நினைத்திருக்கிறார்கள். நான் எழுந்து போய் அந்தச் சொல்லை மறைக்கும்படி அவரிடம் சொன்னேன்.

"இன்னைக்குப் போயி இதப் பாக்கணுமா, மைனி?"

"வாங்காத பட்டத்த வாசல்ல கட்டாதீங்க."

வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். பசை காயாமல் ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் சரியாகத்தான் செய்தேன். சரியாகச் செய்தவளிடம் அன்று யாரும் வந்து உட்காரவில்லை.

நோட்டுகளுக்கு வருகிறேன். முதல் நோட்டு மட்டும்தான் அந்தக் காப்பிக் காலைக்கு முந்தியது. மற்ற மூன்றும் பிந்தியவை. செவ்வாயும் வெள்ளியும் துண்டையும் சோப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு அருவிக்குப் போவீர்கள். திரும்பி வரும்போது துண்டு நனையாமலே இருக்கும். ஏதோ லாட்ஜில் சீட்டு ஆடுகிறீர்கள் என்று நினைத்தேன். கேட்க என் கௌரவம் இடம் தரவில்லை. நீங்கள் லாட்ஜ் காவலாளிகளிடமும் அருவிக்கரையில் குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர்களிடமும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாவது நோட்டில் எண்ணெய் தேய்க்கும் ஒருவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதியிருக்கிறீர்கள்: "ஆம்பள தொலைஞ்சா அங்கன இங்கன ஓடுவான் சார். பொம்பள நின்ன எடத்தவிட்டு அசையமாட்டா. தேடி வந்துருவாருன்னு நிப்பா. ஈரச்சேலையோட சாயங்காலம் வரைக்கும் நின்னவள நான் பாத்திருக்கேன்." ஒரு 'மேற்படி' இல்லை. நான் திருத்த உட்கார்ந்தாலும் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். இதை உங்களிடம் சொல்லியிருக்கலாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் பேசுகிறாள். மற்ற ஆறு நாளும் இந்த வீட்டில் பேசுவது டி.வி. மட்டும்தான். அதன் தமிழில் பிழை சொன்னால் கேட்கவும் எதிரே ஆள் இல்லை.

நோட்டின் பின் அட்டையில் பேராசிரியையின் எண் இருந்தது. நேற்று மாலை அழைத்தேன். நோட்டுகளைத் துறை நூலகத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான். யார் பேசுவது என்று சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது.

"சாரோட மிஸஸா? உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காங்க மேடம். கண்ணுல பிரச்சினை, டாக்டர் படிக்கக்கூடாதுன்னுட்டார்னு சொல்லித்தான் சார் விட்டாங்க. 'வீட்டுக்காரி படிங்கன்னு சண்டையே போடுதா, எனக்குத்தான் முடியல'ன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க."

கடைசி வாரம் வரை கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படித்தவர் நீங்கள்.

பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை, உண்மையைச் சொல் என்று எழுப்பி நிற்க வைத்திருப்பேன். "ஆமா, கண்ணுதான்" என்றேன்.

சனிக்கிழமை நோட்டுகளை வாங்கிக்கொள்ள அந்த அம்மா நேரில் வருகிறார்கள். கண்ணைப் பற்றி மறுபடி கேட்பார்கள். அப்போது உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்று எழுதி இந்த மடலை முடிக்கத்தான் உட்கார்ந்தேன். அந்த வரியை மட்டும் இன்னும் எழுதவில்லை. எழுதிவிட்டால் அதன்படி நான் நடக்க வேண்டும்.