தட்டில் வடிந்த கறுப்பு ஆயில்

என்னங்க,

சாப்பாடு மேஜைமேல் மூடி இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். காரை மட்டும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

நேற்று கியர் ஆயிலை நீங்களே மாற்றிவிட்டதாக மார்தட்டிக்கொண்டீர்களே, அப்போதே எனக்கு இடித்தது. டப்பாவிலிருந்து ஊற்றியது நல்ல சிவப்பு. அடியில் வடிந்து தட்டில் கிடப்பதோ கரிக்கறுப்பு. கேட்டதற்கு, "பழசுன்னா அப்படித்தான் இருக்கும், உனக்கென்ன தெரியும்" என்றீர்கள்.

காலையில் நீங்கள் தூங்கும்போது இன்ஜின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. நீங்கள் திறந்துவிட்டது இன்ஜின் ஆயிலை. கியர்பாக்ஸில் பழையது அப்படியே இருக்க, அதன் தலையிலேயே புதியதையும் கொட்டியிருக்கிறீர்கள். இப்போது ஸ்டார்ட் பண்ணினால் இன்ஜின் போயே போச்சு.

மதியம் மெக்கானிக் வருவார், அவருக்காகக் காரைப் பூட்டாமல் விட்டிருக்கிறேன். இந்த வேலையைப் பார்த்தது நான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சிரித்தால் என்னை நினைத்துச் சிரிக்கட்டும். நீங்கள் நடுவில் புகுந்து விளக்கம் சொல்லாமல் இருந்தால் போதும்.

சாயங்காலம் வந்து பேசுகிறேன். கோபம் இன்னும் போகவில்லை.

பி.கு.: கார் சாவி என் பையில் இருக்கிறது. நீங்கள் பழைய ஷூவுக்குள் ஒளித்து வைத்திருந்த இன்னொன்றும்தான்.