பூவம்மாள் அக்கா இல்லாத படம்

2025 ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்து இரண்டாம் நாள். ஸ்டுடியோவில் ஈ ஓட்டுகிறோம். முதலாளி பிரேம்நாத் அண்ணன் துடைத்த லென்ஸையே திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கல்யாண வீடியோ எடுக்கிறவர்களுக்கு ஆடி என்றால் முழுப் பரீட்சை லீவு மாதிரி. முதலாளிக்கு வருத்தம், எடிட்டர் தேவிப்ரியாவுக்கு, அதாவது எனக்கு, கொண்டாட்டம். பதினோரு வருடமாக ஊரார் கல்யாணத்தை வெட்டி ஒட்டியாயிற்று. இந்த ஒரு மாதம் என் சொந்தப் படத்துக்கு.

ஆவணப்படம். இருபது நிமிடம். பூவம்மாள் அக்காவைப் பற்றியது. முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து இங்கே ஒரு பட்டுக்கடையில் வேலை பார்க்கிறார். கணவர் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. முகூர்த்தப் புடவை விற்கிற கீழ்த்தளத்தில் அவரை உட்கார விடமாட்டார்கள். மேல்மாடியில், கஸ்டமர் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்குவதுதான் வேலை. பொட்டில்லாத நெற்றியோடு ஒருத்தி கல்யாணப் பெண் கையில் புடவை எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். இத்தனைக்கும் அந்தக் கடையிலேயே நிறம் பார்க்கத் தெரிந்த கண் அவருடையதுதான். மேனேஜருக்கும் இது தெரியும்.

சென்னையில் ஒரு சின்ன ஆவணப்பட விழா. ஆகஸ்ட் பத்துக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு முன் அக்கா பார்த்து, சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் படம் இல்லை.

ஜூலை 21, திங்கள்

முடித்துவிட்டேன்! அக்கா வீட்டில் கணவரைப் பற்றிப் பேசி அழும் இடத்துக்குப் புல்லாங்குழல் போட்டேன். நான்கு நிமிடம். நானே அழுதேன். அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அவார்டு கன்பார்ம்பா" என்றார். அவருக்கு எல்லாமே கன்பார்ம்தான். இருந்தாலும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன்.

ஜூலை 23, புதன்

அக்காவுக்குப் புதன்கிழமை வார லீவு. ஸ்டுடியோவுக்கு வந்தார், பார்த்தார்.

படம் முடிந்ததும் அண்ணன் கைதட்டப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்குதும்மா. பஸ்ஸுல நான் தூங்கினு வர்றதகூட எடுத்துட்டியே."

பிறகு, "அந்த வந்தவாசிப் பொண்ணுக்கு அரக்குப் புடவை எடுத்தாங்களே, அன்னிக்கு நீ கீழதானே நின்னுகினு இருந்த?"

"ஆமாக்கா."

"அந்தப் புடவைய மேலேருந்து எடுத்தாந்து நீட்டினது நானு. நான் எங்க?"

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பெண் உதட்டைப் பிதுக்குகிறாள். கீழே விற்கிற கிருஷ்ணவேணி அரக்குப் புடவையை விரிக்கிறாள். பெண்ணின் முகம் மலர்கிறது. புடவை எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கிறது. அக்காவின் படம் என்று சொல்லி எடுத்த படத்தில், அக்கா செய்த ஒரே பெரிய காரியத்தில் அக்கா இல்லை.

"வெளிச்சம் சரியில்லக்கா" என்றேன். அத்தனையும் பொய்.

"பரவால்லம்மா. எனக்குப் பழக்கந்தான்."

கையெழுத்துப் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. நெசவாளர்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில் இன்று தறி ஓடாது. தறிச் சத்தம் இல்லாமல் தெருவே வேறு ஊர் மாதிரி இருந்தது. ஸ்டுடியோ சாவி என்னிடம்தான், போய் உட்கார்ந்து அன்றைக்கு எடுத்த முழுப் பதிவையும் பார்த்தேன்.

இருக்கிறது. நாற்பத்தொரு விநாடி. அக்கா படி இறங்கி வருகிறார். தோளில் ஐந்தாறு புடவை. பெண்ணை ஒரு பார்வை பார்க்கிறார், குனிகிறார், அரக்கை உருவிக் கிருஷ்ணவேணியிடம் நீட்டுகிறார். முகம் முழுக்கத் தெரிகிறது. வெளிச்சத்துக்கு என்ன குறை? தங்கமான வெளிச்சம்.

பிறகு ஏன் வெட்டினேன்?

எங்கள் வேலையில் 'முதல் சுற்று' என்று ஒன்று உண்டு. கல்யாணப் பதிவு வந்ததும் முதலில் குப்பையைக் கூட்டித் தள்ளுவோம். கொட்டாவி விடுகிறவர், பல் குத்துகிறவர், கேமராவுக்குக் குறுக்கே போகிறவர். அதோடு, தாலி கட்டுகிற நேரத்தில் முன்னால் தெரிகிற வெறும் நெற்றிகள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆரம்பத்தில் வீட்டுக்காரர்கள் வந்து பக்கத்தில் நின்று, "அந்த அத்தைய மட்டும் எடுத்துடுங்க, பெரியவங்க பார்த்தா ஏதாச்சும் சொல்வாங்க" என்பார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அவர்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கண் பார்க்கும், விரல் வெட்டும். நடுவில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அது வேலைக்கே வராது.

கல்யாணப் பெண், அரக்குப் புடவை, பக்கத்தில் வெறும் நெற்றி. வெட்டிவிட்டேன். வெட்டியதுகூட நினைவில்லை.

கடைக்காரன் ஓரம் கட்டுறான்னு படம் எடுக்கப் போனியே தேவி, நீ இன்னா பண்ண? பதினோரு வருஷத்துல எத்தனை பேர்? நூறா, இருநூறா? அவங்கல்லாம் வீட்டுல உக்காந்து அந்த வீடியோவப் பார்த்திருப்பாங்களே! ஒருத்திகூட வந்து "நான் எங்க"ன்னு கேக்கலையே!

வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல சொல்லெல்லாம் தேட வேண்டாம். வெட்கம்தான்.

ஜூலை 25, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மூன்று தோசை போயிற்று.

ஜூலை 27, ஞாயிறு

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பிடித்தேன். முசரவாக்கம் பஸ் இன்னும் வரவில்லை. முதல் சுற்று, விரல், அத்தைகள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா பூவை மடியில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா சிரித்துவிட்டார்!

"வெட்டினதுக்குக்கூட எனக்குக் கோவம் வரலம்மா. வெளிச்சம் சரியில்லன்ன பாரு, அதுக்குத்தான் வந்துச்சு. பொய் சொல்றதுக்கு எங்க கடையிலயே ஆளுங்க இருக்கறாங்க."

"மன்னிச்சுடுக்கா."

"கையெழுத்து அப்பறம் பாத்துக்கலாம். புதன்கெழம வரேன். நானும் பக்கத்துல குந்திக்கினு பாக்கறேன், நீ எதெத வெட்டறன்னு."

பஸ் வந்ததும் முண்டியடித்து ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது என்று யார் சொல்வார்கள்!

ஜூலை 30, புதன்

காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை எனக்கு முதலாளி பூவம்மாள் அக்கா.

முதலில் விழுந்தது என் புல்லாங்குழல். "யார் ஊட்டு எழவு இது?" அடுத்தது அழுகை. "நாலு நிமிசமா அழுவறேன்? ஒரு வருசத்துல சேத்து வெச்சாகூட நான் அவ்ளோ அழுவறதில்லம்மா."

"மனசைத் தொடுதேக்கா" என்று இழுத்தேன்.

"உனக்கு அது மேல ஆசை. நானும் பாத்துக்கினுதான் இருக்கறேன், அந்த எடம் வந்தா மட்டும் மவுஸ்லேருந்து கைய எடுக்க மாட்டேங்கற. கஸ்டமர்ங்களும் அப்படித்தான். வாய் வேணாம்னு சொல்லும், கை புடவையவே தடவிக்கினு இருக்கும். கையத்தான் நாங்க பாப்போம்."

பதினோரு வருடம் மற்றவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரே நாளில் என் கையைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அழுகை முப்பது விநாடியானது. அந்த இடத்தில், நான் வேண்டாம் என்று ஒதுக்கிய மத்தியானச் சாப்பாட்டுக் காட்சி வந்தது. மேல்மாடியில் ஆறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மேனேஜர் நடக்கிற மாதிரி அக்கா நடந்து காட்டுகிறார், கிருஷ்ணவேணிக்குப் புரை ஏறுகிறது. இதை ஏன் ஒதுக்கினேன்? அக்கா சிரித்தால் படம் கெட்டுவிடும் என்று நினைத்திருக்கிறேன். என்ன புத்தியோ.

கடைசியில் அந்த நாற்பத்தொரு விநாடி. எடுத்து உள்ளே வைத்தேன். அக்கா யோசித்தார்.

"நீ வெட்டினதும் இருக்கட்டும்."

"எதுக்குக்கா?"

"எடுத்ததும் நல்ல புடவைய விரிச்சா அவங்களுக்கு அருமை தெரியாது. மொதல்ல சுமாரா ஒண்ணு விரிக்கணும், அதுக்கு மேல நல்லத விரிக்கணும். நான் இல்லாதத மொதல்ல காட்டு. அப்பறம் இத காட்டு. நடுவுல நீ பேசு. நீதான் வெட்டினன்னு உன் வாயால சொல்லு."

என் குரலா? என் படத்திலா? மைக் எடுத்து வந்தேன். ஏழு தடவை சொன்னேன். எட்டாவது தடவை அக்கா தலையாட்டினார்.

இந்த வேலையில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாள் இருந்ததே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. அக்கா இன்று எத்தனை புடவை மடித்தாரோ.

ஆகஸ்ட் 6, புதன்

மேனேஜர் மாணிக்கவாசகம் சார் படம் பார்க்க வந்தார். கடையில் எடுக்க அனுமதித்தவர் அவர்தான். கடை பெயரோ பலகையோ தெரியக் கூடாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தார், தெரியவில்லை. ஆனால் அவர் தெரிகிறார். அக்காவுக்கு ஏன் மேல்மாடி என்று நான் கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கஸ்டமர் மனசு நோவக் கூடாது, அவ்ளோதான்" என்று அவர் சொன்னது முழுசாக இருக்கிறது.

முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பேசறத மட்டும் வெட்டிடுங்கம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். அக்கா முந்திக்கொண்டார். "ஏன் சார்? எவ்ளோ மரியாதையா பேசியிருக்கறீங்க! படத்துலயே இஸ்திரி போட்ட சட்டை நீங்க ஒருத்தர்தான்."

சார் திரும்ப ஒரு தடவை போடச் சொன்னார், பார்த்தார். "வழுக்கை கொஞ்சம் தெரியுது" என்றார். "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று எழுந்து போனார்.

படத்துக்காக அக்காவின் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பத்து நாளாக எனக்குத்தான் உதறல். அக்கா பாட்டுக்கு ஒரு சட்டையை வைத்து வியாபாரத்தை முடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

கையெழுத்துப் போட்டுவிட்டார். நிறுத்தி நிதானமாக, முழுப்பெயர். அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தேர்வாகிவிட்டது!! ஆவணி பிறந்து கல்யாணப் பதிவுகள் வந்து குவிகின்றன. அண்ணன் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, கூடவே ஆறு கல்யாணத்தையும் கொடுத்தார்.

முதல் சுற்றில் என் விரல் இப்போதெல்லாம் திக்குகிறது. நேற்று ஓர் அத்தையை விட்டு வைத்தேன். வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. கவனித்தார்களா என்பதே சந்தேகம்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சென்னைக்குப் போய் வந்தோம். அறுபது பேர் உட்காரும் சின்ன அரங்கம், ஏறக்குறைய நிரம்பியிருந்தது. மாணிக்கவாசகம் சார் ஞாயிற்றுக்கிழமையில் லீவு கொடுத்தது பெரிய அதிசயம்.

சாப்பாட்டுக் காட்சிக்கு எல்லாரும் சிரித்தார்கள். என் குரல் வந்தபோது நான் நாற்காலிக்குள் சுருங்கிக்கொண்டேன்.

முடிந்ததும் ஒரு பையன் எழுந்து கேட்டான், "இந்தப் படத்துக்கு அப்புறம் உங்க கடையில ஏதாவது மாற்றம் வந்துச்சாம்மா?"

அக்கா மைக்கை வாங்கினார். "ஒண்ணும் மாறலப்பா. நேத்து வரைக்கும் மேல்மாடிதான்."

எல்லாரும் 'ச்சு' கொட்டினார்கள். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"இங்க யார் ஊட்டுல கல்யாணம் வெச்சிருக்கறீங்க? கை தூக்குங்க."

ஏழு கைகள் எழுந்தன.

"புடவை எடுக்க எங்க கடைக்கு வாங்க. பூவம்மா எடுத்துக் குடுத்தாத்தான் வாங்குவோம்னு சொல்லுங்க. கஸ்டமர் மனசு நோவக் கூடாதுன்னு எங்க சாரே படத்துல சொல்லியிருக்கறாரு, கேட்டீங்கல்ல?"

கைதட்டல் நிற்கவே இல்லை. கடை பெயரை மேடையில் சொல்லவில்லை. வெளியே டீ குடிக்கும்போது ஏழு பேருக்கும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டார். நான் எடுக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மத்தியானம் அக்காவின் போன். மூச்சு வாங்கியது.

"தாம்பரத்துலேருந்து வந்துட்டாங்கம்மா! அன்னிக்குக் கை தூக்கினாங்களே, அதுல ஒருத்தங்க. பொண்ணையும் கூட்டிக்கினு. பூவம்மாதான் எடுத்துக் குடுக்கணும்னு ஒரே புடி. சார் தானே மேல ஏறி வந்து கூப்ட்டாரு. கீழ, புடவை விரிக்கற மெத்தையில குந்தினேன். நாலு புடவ காட்டினேன், அஞ்சாவத பொண்ணு கையிலயே வெச்சேன். அதையேதான் எடுத்துக்கினா."

"அழுதியாக்கா?"

"வேல நேரத்துல எங்க அழுவறது? அவங்கள உன்கிட்டதான் அனுப்பியிருக்கறேன். வீடியோவுக்கு."

நாலு மணிக்கு வந்தார்கள். பெண் பெயர் பிரியதர்ஷினி. அம்மா மங்கையர்க்கரசி. அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும்தான், அவ்வளவு தூரத்திலிருந்து பூவம்மாளைத் தேடி ஏன் வந்தார் என்று எனக்குப் புரிந்தது. ஐப்பசியில் கல்யாணம். தேதி, மண்டபம், நேரம் எல்லாம் பேசியாயிற்று. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். அம்மா மட்டும் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"தாலி கட்டற நேரத்துல அவ பக்கத்துல நிக்கலாம்னு இருக்கேன்மா. சொந்தக்காரங்க இன்னா வேணா சொல்லட்டும். நின்னா... வீடியோவுல வெட்டிட மாட்டீங்களே?"

என்னிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"நில்லுங்கம்மா" என்றேன்.

அவர் போன பிறகு பிரேம்நாத் அண்ணன் பதிவு நோட்டைத் திறந்தார். இரண்டு கேமரா என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மூன்று என்று போட்டார்.

"மூணாவது அம்மாவுக்கு" என்றார்.