சைரன் ஒலித்தும் நான் ஓடவில்லை

என் பாசமுள்ள மும்தாஜ் அக்கா,

நீ போய் எட்டு மாதமாகிறது. உன்னிடம் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்று என் நெஞ்சை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

சாரல் தொடங்கிவிட்டது. போன ஞாயிறு கவினைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனேன். நம் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததிலிருந்து நாம் வருஷாவருஷம் போவதுதானே? ஒருத்தி இருவரையும் கரையில் பிடித்துக்கொள்வாள். மற்றவள் பெண்கள் பக்கம் போய் அருவியில் நிற்பாள். "ஏட்டி, பத்து நிமிஷம் நின்னுட்டு வா. ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிடுதேன்" என்று என்னைத்தான் முதலில் தள்ளிவிடுவாய். வருஷத்தில் எனக்கென்று கிடைத்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

இந்த முறை பிடித்துக்கொள்ள யாருமில்லை. அவர் எலுமிச்சை லோடு ஏற்ற புளியங்குடி போய்விட்டார். கவினுக்குப் பன்னிரண்டு வயது. பெண்கள் பக்கம் அவனை விடமாட்டார்கள், ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. அவன் கையை இறுகப் பிடித்தபடி கரையிலேயே நின்றேன். திடீரென்று தண்ணீர் பெருகி சைரன் அலறியது. காதைப் பொத்துவதற்காக என் கையை உதறினான், கூட்டத்துக்குள் ஓடிவிட்டான்.

நான் ஓடவில்லை, அக்கா. கை விடுபட்டதும் அப்பாடா என்று இருந்தது. எத்தனை நொடி அப்படி நின்றேன்? தெரியவில்லை. பிறகுதான் அவன் பேரைக் கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு சிப்ஸ் கடை மேசைக்கடியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். "பிள்ளைய இப்பிடியா விடுவிய?" என்றார் கடைக்கார அண்ணாச்சி. அவன்தான் உதறிக்கொண்டு ஓடினான் என்று சொல்ல நா எழவில்லை.

வீட்டுக்கு வந்தும் உன் ஞாபகம்தான் நெஞ்சை அறுத்தது. தென்காசி தெரப்பி சென்டர் வாசலில் ஒருநாள், "சமயத்துல யாசரை எங்கயாவது விட்டுட்டுப் போயிரலாமான்னு தோணுதுட்டி" என்றாயே. நான் என்ன சொன்னேன்? "ச்சீ, பெத்தவ பேசுத பேச்சாக்கா இது?" அதற்கப்புறம் நீ சிரிக்க மட்டும்தான் செய்தாய். நெஞ்சு வலிக்கிறது என்றுகூட யாரிடமும் சொல்லாமல், சமையல்கட்டில் விழுந்து போய்விட்டாய். உன் வாயை அடைத்தது நான்தானா?

யாசரின் வாப்பா துபாய் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். அவன் சாப்பிடும் அளவுக்குத் தோசையைப் பிய்த்துப்போடப் பழகிவிட்டார். கவலைப்படாதே.

நேற்று சென்டரில், செங்கோட்டையிலிருந்து புதிதாக வரும் பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "பஸ் ஸ்டாண்டுல பிள்ளைய விட்டுட்டு ஓடிரலாம் போல இருந்துச்சுக்கா" என்றாள். பக்கத்திலிருந்தவள், "வாயக் கழுவு, தாயா நீ?" என்று சீறினாள். அந்தப் பெண் உடனே சிரித்துக்கொண்டாள். அக்கா, அது உன் சிரிப்பு.

"எனக்கும் அப்பிடித்தாம்மா இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமதான்" என்றேன். அருவிக்கரையில் நின்றதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதலில் அழுதது சீறினவள்தான்.

இனி எந்தத் தாய் இப்படிச் சொன்னாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன். அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். சத்தியம். உனக்கு அதைச் செய்யவில்லையே, அக்கா.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்வி
குத்துக்கல்வலசை