படைத்த பொங்கல்

அன்புள்ள சாராளுக்கு, வால்பாறை எஸ்டேட்டிலிருந்து மாசிலாமணி. நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் சொல்லச் சொல்ல மேஸ்திரி எழுதுகிறார்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம் பரளச்சியில் நம் மகள் ரெபேக்காள் வாந்திபேதியில் செத்தாள். நம் சபை உபதேசியார் வாசலிலேயே நின்றுகொண்டு, "சௌடேஸ்வரிக்குப் படைச்ச பொங்கலைத் தின்னீகல்ல, ஆண்டவர் தண்டிச்சிட்டாரு" என்றார். அதைக் கொடுத்த பக்கத்துவீட்டு லிங்கம்மாள் கையால் அன்றிலிருந்து நீ தண்ணீர்கூட வாங்குவதில்லை.

போன ஞாயிறு இங்கே பிரசங்கியாரும், பெற்றவர்கள் பாவத்துக்குத்தான் பிள்ளைகள் சாகிறார்கள் என்றார். எழுந்து, "பிள்ளையக் கொன்னு தகப்பனுக்குப் புத்தி சொல்றவரு ஆண்டவர் இல்லய்யா, சண்டியரு" என்றேன். வெளியே அனுப்பினார்கள், அவ்வளவுதான். நீ பயப்படாதே.

இங்கே குளிர் அதிகம். கடைச் சோறு இறங்கவில்லை. யாராவது வந்தால் கம்பு மாவு கொடுத்துவிடு. அதற்கு முன்னால் லிங்கம்மாள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடு. நம் பிள்ளையின் வாந்தியைக் கையில் ஏந்தியவள் அவள். ஆண்டவர் அன்றைக்கு அந்தக் கையில்தான் இருந்தார், உபதேசியார் வாயில் இல்லை.

மேஸ்திரி வேலைக்குக் கிளம்புகிறார். அன்று நோய்க்குப் பயப்படாமல் நம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களில் என் அண்ணன் போய்விட்டார், மதினியும் போய்விட்டாள். இன்னும் உயிரோடிருப்பது லிங்கம்மாள் ஒருத்திதான்.